கறுப்பு டேப்புக்குக் கீழே ஓர் எண்

எங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின்கள் மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் நான்காவது மாடியில் இருக்கின்றன. நோயாளிகள் தரைத்தளத்தில் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் போய் எண்ணிப் பார்க்கலாம். நான் எண்ணினேன். உட்காரச் சொல்லிவிட்டு மறந்துபோன நேரமெல்லாம் எனக்கு அதுதான் வேலை.

நான்காவது மாடிக்குப் பெயர் 'கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் மற்றும் சிறுநீரக நல உயர் ஆய்வு மையம்'. பெயர்ப்பலகை பதினான்கு அடி. லிப்டில் நுழையாததால் ஆறு பேர் படிவழியாகத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அதே படியில் ஒரு கர்ப்பிணியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக ஆள் கேட்டால், அப்படி ஒரு வேலையே பட்டியலில் கிடையாது என்கிறார்கள்.

நான் துணிக்குச் சாயம் போடும் ஆலையில் முப்பத்தாறு வருடம் பாய்லர் பார்த்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிற்று. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வால்வைத் திறக்க வேண்டும். முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, பதினைந்து நாள் கழித்து வா என்று பாய்லரிடம் சொல்ல முடியாது. சொன்னால், சொன்னவனைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இருபது நாள் ரோட்டில். வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறாள். கையில் கத்தரி, வாயில் அதைவிடக் கூரானது. எங்கள் இருவருக்கும் தினம் ஒரு வாய்ச்சண்டை இல்லாவிட்டால் சோறு இறங்காது. கல்யாணமாகி ஏழு வருடம், இரண்டு முறை தங்காமல் போனபிறகு, மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். இந்தமுறை நான் சண்டையைக் குறைத்துக்கொண்டேன். அவள் குறைத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் மாதம் கீழ்த்தளத்தில் இருந்த நர்ஸ் அவள் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூட இருக்கும்மா. மேல போனீங்கன்னா ஸ்பெஷலா பாப்பாங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஆள் வந்து அந்த மெஷினையும் மடக்கி எடுத்துக்கொண்டு லிப்டில் ஏறினான். அதுதான் முப்பத்தொன்றாவது. நாங்களும் அதே லிப்டில் போனோம்.

மேலே எங்களை வரவேற்றது ஒருங்கிணைப்பாளர். அந்தப் பட்டம் எனக்கு வாயில் நுழையவில்லை. கக்கத்தில் எப்போதும் மஞ்சள் ஃபைல் ஒன்றை இடுக்கியிருந்ததால் ஃபைலம்மா என்று வைத்துக்கொண்டேன்.

"அம்மா, இந்த நிமிஷத்துலேருந்து நீங்க நோயாளி இல்ல. பங்கேற்பாளர்" என்றாள் ஃபைலம்மா.

"அப்ப பிரஷர் போயிடுச்சா?" என்றாள் மருமகள்.

"இல்லம்மா. பேரு மாறியிருக்கு."

இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு ஒப்புதல் படிவம் வந்தது. "ஒவ்வொரு பக்கமும் நிதானமா படிச்சு, புரிஞ்சுகிட்டு, யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு நிமிஷத்துல அடுத்தவங்க வந்துடுவாங்க."

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று நான் கேட்டேன்.

"யாரும் கட்டாயப்படுத்தல, சொந்த விருப்பத்துலதான் சேர்றீங்கன்னு எழுதியிருக்கு பெரியவரே."

"சேரலன்னா?"

"கீழ மெஷின் இல்ல."

மருமகள் சொந்த விருப்பத்தில் இருபத்திரண்டு கையெழுத்துப் போட்டாள். சாட்சியாக நானும் போட்டேன். கைம்மாறாக ஒரு துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சிறுநீரகம் கண்ணும் வாயும் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. லிப்டில் இறங்கும்போது மருமகள் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மாமா, இது அப்படியே நீங்க பல்செட்டு போட்ட மாதிரி இருக்கு."

பிரஷர் எடுக்கும் அறைக்கு 'அமைதி அறை' என்று பெயர். சுவருக்கு எந்த நிறம் அடித்தால் மனம் அமைதியாகும் என்று ஒரு கமிட்டி எட்டு மாதம் உட்கார்ந்து முடிவு செய்ததாம். பார்த்தால் கழுவாத டம்ளர் நிறம். சுவரில் பெரிய படம்: 'உங்கள் எண்ணை அறிந்துகொள்ளுங்கள். மேல் எண் 140-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.' படத்துக்கு நேர் கீழே மெஷின். மெஷினில் எண் தெரியும் கண்ணாடிமேல் கறுப்பு டேப்.

முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். கூட வந்தவன் இருமக்கூடாது. பிறகு நர்ஸ் பட்டையைக் கட்டி, மூன்று முறை காற்றடித்து, மூன்று முறை இறக்கி, கழற்றினாள்.

"எவ்வளவும்மா இருக்கு?"

"தெரியாது தாத்தா."

"நீதானே பாத்தே?"

"பாக்கல. எடுத்தேன்."

மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்தேன். எங்கள் ஆலையில் கெட்டுப்போன பிரஷர் கேஜுக்கு இப்படித்தான் சாக்கு கட்டுவோம். ஃபைலம்மாவைக் கேட்டேன். அவள் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள்.

"நர்ஸுக்கு எண் தெரிஞ்சா முகம் மாறும். முகம் மாறினா பங்கேற்பாளர் பயப்படுவாங்க. பயந்தா பிரஷர் ஏறும். ஏறினா அது உண்மையான பிரஷர் இல்ல. அதனால உண்மையான பிரஷர் யாருக்கும் தெரியக்கூடாது."

"யாருக்குமேவா?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

"அது யார்கிட்ட சொல்லும்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு இயக்குநர் ஐயா திறந்து பாப்பாரு."

"மேடம், எனக்கு நாலு மாசத்துல பொறந்துடும்" என்றாள் மருமகள்.

"பொறக்கட்டுமே. உங்க எண் எங்கயும் போயிடாது. பத்திரமா இருக்கும்."

டேப்புக்கென்று தனிப் பதிவேடு இருந்தது. தினம் காலையில் பழைய டேப்பை உரித்து, கண்ணை மூடிக்கொண்டு, புதிய டேப்பை ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியதற்கு மூன்றாவதாக ஒருவர் சாட்சிக் கையெழுத்து. அவர் கண்ணைத் திறந்திருக்கலாமா என்பது அப்போது மேலிடத்தின் பரிசீலனையில் இருந்தது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை போனோம். ஆறு முறை. முறைக்கு மூன்று வீதம் பதினெட்டு எண்கள் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாகச் சேர்ந்தன.

நான்காம் முறை ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மறுநாள் ஏழு மணிவரை சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் அதில் பிடிக்க வேண்டும். சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று அதில்தான் தெரியுமாம். நான் கேனை ஐஸ் கட்டியில் வைத்து, சாக்கு சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் "மீனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல் கேனை ஃபைலம்மா திருப்பிக் கொடுத்தாள். லேபிளில் ஏழு மணி என்று எழுதியிருந்தது; ஏழு மணி பூஜ்ஜியம் நிமிடம் என்று எழுதியிருக்க வேண்டுமாம். இரண்டாவது கேனை நீல மையில் எழுதியதற்காகத் திருப்பினாள். மூன்றாவது கேனைக் கறுப்பு மையில், பூஜ்ஜியத்துக்குள் இன்னொரு பூஜ்ஜியம் போடாத குறையாக எழுதிக் கொண்டுபோனேன். அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் இருந்தது. மேலே நுரை.

"என்ன பெரியவரே, வழியில கொட்டிட்டீங்களா?"

"கொட்டலம்மா."

"பின்ன எங்க போச்சு? குறைஞ்சது இந்தக் கோடு வரைக்கும் இருந்தாத்தான் சாம்பிள் செல்லும். இது செல்லாது."

"அவ்வளவுதாம்மா வந்துது. நாள் பூரா தண்ணி குடிக்குறா. உள்ள போகுது, வெளிய வரல. எங்க பாய்லர்ல இப்படி ஆனா நாங்க குழாயைத்தான் பாப்போம். கேனைத் திட்ட மாட்டோம்."

"ஐயா, இது ஆராய்ச்சி. பாய்லர் இல்ல. அடுத்தமுறை கொட்டாம கொண்டாங்க."

படிவத்தில் 'பங்கேற்பாளரின் குடும்பத்தார் கவனக்குறைவு' என்று எழுதினாள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.

வெளியே வராத தண்ணீர் எங்கே போயிற்று என்று அடுத்த வாரமே தெரிந்தது. மருமகளின் காலில் செருப்பு நுழையவில்லை. விரல் மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். முகம் உப்பி, கண் சிறுத்துப்போனது. "கண்ணாடியில எனக்குப் பதிலா வேற யாரோ வந்து நிக்கிறாங்க மாமா. உங்க பையன் வந்தா அடையாளம் சொல்லி வைங்க" என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவளைக் கீழ்த்தளத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயது, தூங்கி நாலு நாள் ஆன முகம். அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது. அவர் அந்தக் குழியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதன்மேல் யாரும் டேப் ஒட்டவில்லை.

"சார், ஏதாவது மருந்து குடுங்க."

"குடுக்கணும். பிரஷர் எவ்வளவுன்னு தெரியணும். எங்கிட்ட மெஷின் இல்ல." பிறகு மேலே கொடுத்து அவள் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். "மஞ்சள் ஃபைலா? ஐயா, மஞ்சள் ஃபைல்ல நான் கை வைக்க முடியாது. போன மாசம் ஒருத்தங்களுக்கு ஒரே ஒரு மாத்திரை குடுத்தேன். ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன்னு மெமோ வந்துது. மேல விடுவிச்சு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அந்த நிமிஷமே பாக்கறேன்."

மேலே போனோம். விடுவிக்கும் அதிகாரம் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும்தானாம். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஐந்து பேர். ஒருவர் கர்ப்பிணிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வெளிநாடு போயிருந்தார். இன்னொருவர் பிரசவ லீவில் இருந்தார்.

"அவசரம்னா?" என்றேன்.

"அவசரக் கூட்டம் உண்டு. இருபத்தோரு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் கூட்டணும்."

"அந்தம்மா மட்டும் எந்த ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கிறாங்க மேடம்?" என்றாள் மருமகள்.

"யாரு?"

"பிரசவ லீவுல இருக்காங்களே, அவங்க."

ஃபைலம்மா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "தனியார்ல."

அவசரக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்த எட்டாம் நாள் காலையில் மருமகள் அடுப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மாமா, நெத்தியில இரும்புப் பட்டை போட்டு முறுக்கற மாதிரி இருக்கு. கண்ணு முன்னாடி பொறி பறக்குது." மகனுக்குப் போன் போட்டேன். எங்கேயோ இரண்டு நாள் தொலைவில் இருந்தான். "அப்பா, எப்படியாவது பாத்துக்கப்பா, எப்படியாவது" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

வழியில் மருந்துக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் தன் மெஷினைக் கட்டினார். எண் வந்தது. சட்டென்று மெஷினை அணைத்துவிட்டார்.

"எவ்வளவு?"

"என் மெஷின் சரியில்லைங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆட்டோவுல போங்க, நடக்க விடாதீங்க." அவருடைய முகம் மாறியிருந்தது. டேப் எதற்கு என்று அப்போது எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் தோரணமும் கம்பளமுமாக இருந்தது. கீழ்த்தளத்தில் டாக்டர் ஒருவரும் இல்லை. "எல்லாரையும் மேல கூப்பிட்டுட்டாங்க" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள். "வெளிநாட்டுலேருந்து பாக்க வந்திருக்காங்களாம். கை தட்ட ஆள் பத்தலையாம்."

லிப்ட்காரன் கையை நீட்டி மறித்தான். "விருந்தாளிங்களுக்கு மட்டும்."

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டே துணிப்பையை உயர்த்தினாள். சிறுநீரகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தான்.

நான்காவது மாடிக் கூடத்தில் இருநூறு நாற்காலி. மேடையில் ஒரு சோபா, ஒரு மெஷின். ஃபைலம்மா எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல வந்தீங்க! செயல்விளக்கத்துக்கு வர வேண்டிய பங்கேற்பாளர் வரல. நீங்க வந்து உக்காருங்க."

"மேடம், அவளுக்கு உசுரு போற தலைவலி."

"உக்காந்தா சரியாயிடும். அஞ்சு நிமிஷம் அமைதியாத்தானே இருக்கப்போறாங்க."

மெஷின் அந்த ஆஸ்பத்திரியில் மேலே மட்டும்தான். டாக்டர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான். அதனால் நான் விட்டேன். அங்கேயாவது யாராவது ஒருவர் அவளைப் பார்ப்பார் என்று நினைத்தேன். இதற்காக நான் இன்றைக்கும் என்னை மன்னிக்கவில்லை.

இயக்குநர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல்.

"பெரியோர்களே, விருந்தினர்களே. இந்த ஆய்வில் ஆயிரத்து இருநூறு தாய்மார்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர்கூட விலகவில்லை. எங்களை விட்டு யாரும் போக முடியாது என்பதுதான் எங்கள் பெருமை. இடையில் இறந்துபோன ஒன்பது பேரைக்கூட நாங்கள் கைவிடவில்லை. அவர்கள் இன்றைக்கும் எங்கள் பட்டியலில் பங்கேற்பாளர்களாகவே இருக்கிறார்கள்."

கைதட்டல்.

"சிகிச்சை கொடுப்பது சுலபம். எந்த ஆஸ்பத்திரியும் கொடுத்துவிடும். ஒரு தாயின் ரத்த அழுத்தம் ஏறும்போது, அவளுடைய சிறுநீரகம் தளரும்போது, குறுக்கிடாமல், பதற்றப்படாமல், கடைசிவரைக்கும் அளந்துகொண்டே இருப்பதற்கு ஒரு மனவலிமை வேண்டும். அது எங்களிடம் இருக்கிறது. தாய்மார்களின் எண்களை நாங்கள் தாய்மார்களிடமிருந்தே காப்பாற்றுகிறோம்."

பெரிய கைதட்டல். கடைசி வரிசையில் கீழ்த்தளத்து டாக்டரும் தட்டினார். கண் மட்டும் மேடைமேல் இருந்தது.

ஐந்து நிமிட அமைதி தொடங்கியது. இருநூறு பேரும் பாதத்தைத் தரையில் பதித்து மூச்சுவிடாமல் இருந்தார்கள். மருமகள் கண்ணை மூடியிருந்தாள். அவள் மேலுதடு ஒரு பக்கமாகத் துடித்தது. நர்ஸ் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

மெஷின் காற்றை ஏற்றியது. நின்றது. போதவில்லை என்று மறுபடியும் ஏற்றியது. நின்றது. மூன்றாம் தடவையும் உறுமிக்கொண்டு ஏற்றியது. முப்பத்தாறு வருடம் நான் மோட்டார் சத்தத்தைக் கேட்டே அழுத்தம் சொன்னவன். எதிரே இருக்கும் அழுத்தம் விட்டுக்கொடுக்காதபோதுதான் மோட்டார் அப்படி முக்கும்.

"பாருங்கள், எவ்வளவு அக்கறையாக எடுக்கிறது" என்றார் இயக்குநர்.

காற்று இறங்கி மெஷின் நின்றதும் நான் மேடையில் ஏறினேன். யாரோ "பெரியவரே" என்றார்கள். நகத்தைக் கொடுத்து டேப்பை ஒரே இழுப்பில் உரித்தேன்.

"நூத்தி எண்பத்தி நாலு!" என்று கத்தினேன். "கீழ நூத்தி இருபத்தி ரெண்டு!"

கூடத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. ஃபைலம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, டேப்பு!" நர்ஸ் ஓடிவந்து என் கையில் இருந்த டேப்பைப் பிடுங்கி மறுபடியும் ஒட்டப் பார்த்தாள். அது அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் டேப் பதிவேட்டைத் தேடி ஓடினார்கள்.

"யார் இந்த ஆள்?" என்றார் இயக்குநர். "எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டாரே! இருநூறு பேர் காதில் விழுந்துவிட்டதே!"

விருந்தாளிகளில் நரைத்த தலை அம்மாள் ஒருத்தி எழுந்து, பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாள். இந்த எண்ணுக்கு இப்போது என்ன செய்வீர்கள்?

"உடனடியாக நடவடிக்கை எடுப்போம்" என்றார் இயக்குநர். "எண் தெரிந்துவிட்டதால் இந்தப் பங்கேற்பாளரை ஆய்விலிருந்து நீக்குகிறோம்."

ஃபைலம்மா நீக்கல் படிவத்தை எடுத்தாள். நான்கு பிரதி. முதல் பிரதியில் முத்திரை குத்தும்போது மருமகள் கண்ணைத் திறந்தாள்.

"மாமா, விளக்கை ஏன் அணைச்சுட்டாங்க?"

யாரும் அணைக்கவில்லை. அவள் கை என் சட்டையைப் பிடித்தது. அடுத்த நொடி உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. சோபாவோடு சேர்ந்து மேடை அதிர்ந்தது.

கடைசி வரிசையிலிருந்து கீழ்த்தளத்து டாக்டர் எழுந்தார்.

"நீக்கியாச்சா?"

"ஆச்சு" என்றாள் ஃபைலம்மா. "இன்னும் மூணு பிரதி..."

"அப்ப அவங்க என் நோயாளி."

நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு வந்தார். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், ஊசி என்று கத்தினார், கம்பளத்தின் ஓரங்களைச் சுருட்டித் தூக்குக்கட்டிலாக்கிக் கீழே கொண்டுபோனார். நல்ல பையன். அவன் இல்லாவிட்டால் அவள் இல்லை. ஆனாலும் நீக்கியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தான். இரண்டையும் நான் மறக்கவில்லை.

அன்றைக்கு மதியமே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஆயிரத்து நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒரு துவாரத்தின் வழியாக விரலை நீட்டச் சொன்னார்கள். நீட்டினேன். பிடித்தது. மகன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்து அவனும் நீட்டினான். நான்கு நாள் இருந்தது.

மருமகள் பிழைத்தாள். அவளுடைய சிறுநீரகங்கள் பாதிதான் பிழைத்தன.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். நான்காவது மாடிக்கு விருது. 'பங்கேற்பாளர்களில் ஒருவருக்குக்கூட வலிப்பு ஏற்படவில்லை.' எழுத்துக்கூட்டிப் படித்தேன். உண்மைதான். முத்திரை குத்தியது பதினொன்று பத்துக்கு. வலிப்பு வந்தது பதினொன்று பதினொன்றுக்கு. ஒன்பது பிணங்கள் பங்கேற்பாளர்கள். உயிரோடு இருப்பவள் பங்கேற்பாளர் இல்லை.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சிறுநீரகப் பிரிவு. அங்கே மாதம் ஒருமுறை போகிறோம். அங்கிருக்கும் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கர்ப்பமா இருந்தப்ப பிரஷர் எப்படி ஏறிச்சுன்னு தெரிஞ்சா எந்த மருந்து எவ்வளவுன்னு சொல்லலாம். எப்பவாவது பாத்தாங்களா?"

"பதினெட்டு தடவை பாத்தாங்க" என்றாள் மருமகள்.

"பிரமாதம். வாங்கிட்டு வாங்க."

மேலே போனோம். ஃபைலம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். புதுப் பாட்டில். சிறுநீரகத்தின் தலையில் இப்போது கிரீடம் இருந்தது.

"நீக்கப்பட்டவங்க எண்களை அழிச்சிடணும்மா. உங்க அந்தரங்கத்தைக் காப்பாத்தறதுக்குத்தான். பதினெட்டாம் பக்கத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்க." பிறகு ஒரு தாளை நீட்டினாள். "இது மட்டும் பாக்கி. வெளியேறுறவங்க கருத்து. எங்க சேவை எப்படி இருந்துதுன்னு ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் ஒரு எண்ணு போடுங்க."

மருமகள் பேனாவை வாங்கினாள். ஏதோ எழுதினாள். ஃபைலம்மா ஆவலாக எட்டிப் பார்க்கும்போது உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சுப் பாருங்க மேடம். அதுவரைக்கும் பத்திரமா இருக்கும்." தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சிறுநீரக டாக்டரிடம் வெறுங்கையோடு திரும்பினோம்.

"ஒரு எண்கூடவா இல்ல?" என்றார்.

"ஒண்ணு இருக்கு சார்" என்றேன். "நூத்தி எண்பத்தி நாலு, கீழ நூத்தி இருபத்தி ரெண்டு."

"யார் பாத்தது?"

"நான்."

"பதிவு?"

"என் கண்ணு."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "ஐயா, பதிவு இல்லாத எண்ணை ஃபைல்ல ஏத்தினா எனக்கு மேலேருந்து கேள்வி வரும்."

"எழுதுங்க சார்" என்றாள் மருமகள். "மாமா சத்தமாத்தான் படிச்சாரு. இருநூறு பேர் கேட்டாங்க. அவ்வளவு படிச்ச சாட்சிங்க வேற எந்த எண்ணுக்கும் கிடைக்க மாட்டாங்க."

 டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்து எழுதினார்.

பென்சிலால்.